பூத்தேவுக்கு வந்தது சளி இல்லை

மலாயா மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வாங்கிய அந்த வருஷத்தின் கடைசி மாதங்கள். மலாக்கா டவுனில், காஜா பேராங்கில், நாங்கள் இரண்டு பசு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷத்தைப் பற்றி என் வயதுக்காரர்கள் பேச ஆரம்பித்தால் கொடி, ஊர்வலம், ரேடியோவில் கேட்டது என்று உற்சாகமாகச் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் வருவது மழை, சாணி, ஃபினாயில் வாடை, இரண்டு நாய்கள். அதோடு நான் சொன்ன ஒரு பொய்.

என் வீட்டுக்காரர் புக்கிட் காதில் என்ற ஊரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். லோரியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு குனிந்து நிமிர முடியாது. முக்காலியில் உட்கார்ந்து பால் கறப்பார், புண்ணாக்கு கரைப்பார், அவ்வளவுதான். புல் அறுப்பது, சாணி அள்ளுவது, கொட்டகை கழுவுவது, பால் கொண்டுபோய் ஊற்றுவது எல்லாம் நான். காலையில் ஒரு நடை, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஒரு நடை. போத்தல்களைக் கூடையில் அடுக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. உட்கார்ந்தால் எங்கே தூங்கிவிடுவேனோ என்று பயந்து நின்றுகொண்டே சாப்பிட்ட காலம்.

எங்களிடம் ஒரு நாய் இருந்தது. சிங்கம் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம். முழங்கால் உயரம்கூட இருக்காது, செம்மண் நிறம், ஒரு காது மடங்கி இருக்கும். நான் கூடையை எடுத்தால் அது முன்னால் ஓடும். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், எந்தக் கேட்டில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வீடு அதற்குச் சிநேகம். அந்தந்த வீட்டு நாயோடு மூக்கை உரசி, அதன் தட்டில் ஒரு வாய் வைத்துவிட்டுத்தான் வரும். நான் தடுக்க மாட்டேன். அந்த நடையில் எனக்கு வேறு துணை இல்லை.

அந்த வீடுகளில் ஒன்று ஒரு அக்காவுடையது. மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கும் சிட்டி வம்சம். கோயிலுக்குப் போவார், விபூதி பூசுவார், ஆனால் தமிழ் பேச வராது. வீட்டில் பேசுவது அவர்களுடைய ஒரு மாதிரியான மலாய்; நடுவில் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றிரண்டு வந்து விழும். 'அக்கா' அவருக்குத் தெரியும் என்பதால் நான் அப்படியே கூப்பிடுவேன். என்னை அவர் 'தங்காச்சி' என்பார். (அவர் மலாயில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.) புருஷன் தவறிவிட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். கெபாயா என்கிற மலாய்ச் சட்டை தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். வீட்டில் அவரோடு இருந்தது ஒரு வெள்ளை நாய். பூத்தே என்று பெயர். மலாயில் வெள்ளை என்று அர்த்தம்.

மத்தியான நடையில் நான் போகிற நேரத்துக்கு ஒரு தட்டில் சோறும் மீன் தலையும் பிசைந்து வைத்திருப்பார். பூத்தேயும் சிங்கமும் முகத்தோடு முகம் இடித்துக்கொண்டு ஒரே தட்டில் தின்னும். அது முடிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்திருப்போம். பெரிதாகப் பேச்சு ஒன்றும் இருக்காது. எனக்கு மலாய் அரைகுறை. அவருக்குத் தமிழ் அதைவிட அரைகுறை. இருந்தாலும் நாள் முழுக்க நான் உட்கார்ந்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

மழை ஆரம்பித்ததும் சிங்கத்துக்கு மூக்கு ஒழுகியது. கண்ணில் பீளை கட்டியது. நனைந்துகொண்டே வருகிறதே, சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அப்படியே நான்கைந்து நாள் என்னோடு நடந்தது. ஒவ்வொரு கேட்டிலும் நின்று தும்மியது. பிறகு ஒரு நாள் காலையில் கூடையை எடுத்தபோது அது எழுந்திருக்கவில்லை. தொட்டால் உடம்பு அனலாகக் கொதித்தது. சோறு இறங்கவில்லை. வயிறு வேறு போக ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்குக் காலை நடையை முடித்துவிட்டு, அதே கூடையில் ஒரு சாக்கை விரித்துச் சிங்கத்தைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால்நடைகளுக்கான சர்க்கார் ஆபீஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே டிரெசராக, அதாவது டாக்டருக்கு உதவியாளராக, இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பசு கன்று போட்டபோது வந்து பார்த்தவர் என்பதால் என்னைத் தெரியும். பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து அப்போதுதான் சைக்கிளில் திரும்பியிருந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. சிங்கத்தின் கண் இமையைப் பிரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், பாதத்தின் அடியை விரலால் அழுத்தினார். அங்கே தோல் தடித்துப்போயிருந்தது. நான் கவனித்ததே இல்லை.

"இது வெறும் சளி இல்லைப் பிள்ளை" என்றார். "நாய்க்கு நாய் தொத்துற வியாதி. டிஸ்டெம்பர் எண்டு சொல்லுவினம். வைரஸ் எண்ட கிருமியால வாறது. அதைக் கொல்ல மருந்து கிடையாது. நல்லா இருக்கேக்கையே ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கலாம். இனிப் போட்டுப் பிரயோசனம் இல்லை."

"பிழைக்குமா ஐயா?"

"உம்மட கையிலதான் இருக்கு. பார்த்துப் பார்த்துச் செய்தால் சிலது பிழைக்கும். சிலது என்ன செய்தாலும் போயிடும்."

நெஞ்சுச் சளிக்கு என்று கொஞ்சம் வெள்ளை மாத்திரை கொடுத்தார். ஈரமில்லாத, வெளிச்சம் குறைந்த மூலையில் படுக்கவைக்க வேண்டும். கண்ணையும் மூக்கையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஒரு நாளைக்குப் பல தடவை துடைக்க வேண்டும். துடைத்த துணியை எரித்துவிட வேண்டும். படுக்கிற சாக்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடத்தை ஃபினாயில் போட்டுக் கழுவ வேண்டும். தானாகத் தின்னாவிட்டால் கஞ்சியில் முட்டையைக் கலந்து கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். பிறகு அவர் கேட்டார்:

"இது எத்தினை நாயோட பழகினது?"

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். இரண்டு கையும் தீர்ந்துபோனதும் நிறுத்திவிட்டேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வியாதி வெளியில தெரியிறதுக்கு முன்னமே தொத்திப்போடும். எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லும். இண்டைக்கே சொல்லும். நாயைக் கட்டி வைக்கட்டும், வேற நாயோட சேர விட வேண்டாம், தும்மினால் உடனே என்னட்ட வரட்டும். பயப்பிட ஒண்டும் இல்லை எண்டும் சொல்லும். இது மனுசருக்கு வராது, மாட்டுக்கும் வராது."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கரைத்துக்கொண்டிருந்த புண்ணாக்கை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்:

"சொல்லாத புள்ள. நாய்க்கு வியாதின்னு நீ சொல்லுவ. பால்காரி வீட்ல வியாதின்னு அவங்க கேப்பாங்க. நாளைக்கே போத்தல திருப்பிக் குடுத்துடுவாங்க. அப்புறம் என்னை வச்சுக்கிட்டு நீ என்ன செய்வ?"

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் அப்படிச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் நானும் சொன்னேன் என்று நினைக்கிறேன். யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. உடம்பில் தெம்பில்லை. இருபது வீட்டு வாசலில் நின்று இருபது தடவை ஒரு கெட்ட சேதியைச் சொல்ல வேண்டும். அதுவும் எனக்கு வராத மலாயில். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அப்படியே நினைத்தேன்.

சிங்கம் எங்கே என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். காலில் முள் குத்திவிட்டது என்று சொன்னேன்.

சிங்கத்தை வைத்துப் பார்த்துக்கொண்ட அந்த நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்கு முடியாது. எல்லாம் ஒரே நாள் மாதிரி இருக்கிறது. மாட்டை முடித்துவிட்டு நாயிடம் போவேன். கண்ணைத் திறக்க முடியாமல் பீளை ஒட்டிக்கிடக்கும். துணியை நனைத்து நனைத்து இளக்குவேன். கஞ்சியைக் கன்னத்து ஓரமாக ஊற்றினால் பாதி உள்ளே போகும், பாதி என் மடியில் வழியும். சாக்கை எடுத்தால் கீழெல்லாம் வயிற்றுப்போக்கு. கழுவிவிட்டு நிமிர்ந்தால் பால் நேரம். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மாட்டுக்கு உப்பு வைக்கும்போது எரியும். செத்துப்போனால்கூடப் பரவாயில்லை, இதற்கு ஒரு முடிவு வரட்டும் என்று ஒரு நாள் நினைத்தேன். அன்று மாலையே அது கரண்டியைத் தானாக நக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து ஒரு வாரம் இருக்கும். அக்கா வீட்டுக் கேட்டில் நின்று போத்தலைக் கொடுத்தேன். அவர் உள்ளே போகாமல் பூத்தேயின் முகத்தைக் கையில் ஏந்தி என் பக்கம் திருப்பிக் காட்டினார். வெள்ளை முகத்தில் இரண்டு கண்ணின் ஓரத்திலும் மஞ்சளாகக் கோடு இறங்கியிருந்தது.

"தங்காச்சி, இங்க பாரு. ரெண்டு நாளா இப்படி இருக்கு. சளிதானே? ஒண்ணுமில்லைதானே?"

அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம், நான் மாடு வைத்திருக்கிறவள். பிராணிகளைப் பற்றித் தெரிந்தவள் என்று ஒரு நம்பிக்கை.

எனக்கு அந்த மஞ்சள் கோடு நன்றாகத் தெரியும். அன்று காலையில்கூட அதைத்தான் துடைத்துவிட்டு வந்திருந்தேன்.

"சளிதான் அக்கா" என்றேன். "மழை அப்படி."

அதோடு விட்டேனா? மஞ்சளைச் சுட்டுப் புகை காட்டுங்கள் என்று வைத்தியம் வேறு சொல்லிவிட்டு வந்தேன். அவர் "தெரிமா காசி" என்று நன்றி சொன்னார்.

அதே வாரத்தில் முனையில் இருந்த காப்பிக் கடைச் சீனரின் நாய் செத்துப்போனது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அவர் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். நான் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, காலி போத்தலை எடுத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வந்தேன்.

பூத்தே கொஞ்சம் தேறியது மாதிரி இருந்தது என்று அக்கா ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் மனசு லேசானது. சொல்லாமல் விட்டதே நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்துக்கொண்டேன். இந்த வியாதி அப்படித்தான், விட்ட மாதிரி இருந்து நரம்பில் போய் உட்காரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், கூடையோடு அந்தத் தெருவில் திரும்பினேன். அக்கா வீட்டு முன்னால் கூட்டம். "ஆஞ்சிங் கீலா, ஆஞ்சிங் கீலா" என்று சத்தம். பைத்தியம் பிடித்த நாய், அதாவது வெறிநாய் என்று அர்த்தம். சில வருஷங்களுக்கு முன்னால் வேறு ஊர்களில் வெறிநாய்ப் பயம் பரவி நாய்களைச் சுட்டுத் தள்ளியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டாலே பெண்கள் பிள்ளைகளை இழுத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பூத்தே முற்றத்தில் விழுந்து வாயை மென்று மென்று நுரை தள்ளிக் காலை உதறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு டவுன் ஆபீஸுக்கு ஆளை அனுப்பிவிட்டார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது, நாய் சுடுகிற வேலைக்கு அங்கே வைத்திருந்த மனிதர் துப்பாக்கியோடு வந்து நின்றிருந்தார். அக்கா நாயைக் குளிக்கும் அறையில் போட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். சாரோங் முழுக்கச் சேறு. தலை அவிழ்ந்து கிடந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"தள்ளும்மா. கடிச்சுட்டா அப்புறம் யாரு பதில் சொல்றது?" என்று அந்த மனிதர் மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு அது எத்தனையாவது வீடோ.

எனக்கு மலாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னேன்: "வெறி இல்ல. இது வேற வியாதி. எங்க நாய்க்கு முதல்ல வந்துச்சு. எங்க நாய்கிட்ட இருந்துதான் இதுக்கு வந்திருக்கு. மாட்டு ஆஸ்பத்திரி டிரெசருக்குத் தெரியும். என்கிட்ட சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?" என்று துப்பாக்கிக்காரர்தான் கேட்டார்.

"மூணு வாரம் ஆச்சு."

 அக்கா என்னைப் பார்த்தார். அவர் அப்போது சொன்ன நான்கு வார்த்தையை மட்டும் அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "ஆப்பா பாசால் தா சாக்காப்?" ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. 

துப்பாக்கிக்காரர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். "டிரெசரைக் கூட்டிட்டு வா. ஆபீஸ் மூடுற நேரம் வரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல முடியாது" என்று சொல்லிவிட்டு ரம்புத்தான் மரத்தடியில் போய்க் குந்திக்கொண்டார்.

நான் ஓடினேன். பால் கூடை அங்கேயே கிடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. காலையில் நான்கு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்த கால். பாதி தூரத்தில் மூச்சு வாங்கி ஒரு கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரெசர் அன்றைக்கென்று புக்கிட் ரம்பாய் பக்கம் பன்றிப் பண்ணைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார்.

"நான் அண்டைக்கே சொல்லச் சொன்னனான், சொல்லேல்லையோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஈரக் கையோடு சைக்கிளை எடுத்தார்.

குளிக்கும் அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து அவர் வெகுநேரம் பார்த்தார். பூத்தே அப்போது அடங்கிப் படுத்திருந்தது. முன்னங்கால் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீரை நீட்டினார், குடித்தது. கண், மூக்கு, பாதத்தின் அடி எல்லாம் பார்த்தார். எத்தனை நாளாக என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டார். பிறகு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "வெறி மாதிரித் தெரியேல்லை. ஆனாலும் பத்து நாளைக்குக் கட்டி வைச்சுப் பார்ப்பம். ஒருத்தரும் கிட்டப் போய் வாயில கை வைக்க வேண்டாம். வெறியெண்டால் பத்து நாள் தாங்காது. நான் எழுதித் தாறன்." இதை அவர் மலாயில் திருப்பிச் சொன்னதும் துப்பாக்கிக்காரர் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். போகும்போது கீழே கிடந்த என் கூடையை எடுத்துச் சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் பால் அளந்துகொண்டிருக்கும்போது அக்கா எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். அதுவரை அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நல்ல கெபாயா உடுத்தி, கொண்டை போட்டிருந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் முக்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"நானும் வர்றேன்" என்றார் அக்கா. "ஒவ்வொரு வீட்டுக்கும் போவோம். நீ சொன்னா பயந்துடுவாங்க. என்னை எல்லாருக்கும் தெரியும். என் நாய்க்கு வந்தாச்சு. இன்னும் வராத நாய் எவ்வளவோ இருக்கு."

அந்தக் காலை முழுக்க எனக்கு முன்னால் அவர் நடந்தார். சீனர் வீட்டில் சந்தையில் பேசுகிற ஹொக்கியன் சீனம், மற்ற வீடுகளில் மலாய். நாயைக் கட்டுங்கள், வேறு நாயோடு சேர்க்காதீர்கள், தட்டைத் தனியாக வையுங்கள், இந்தப் பகுதிக்குக் கொஞ்ச காலம் புதுக் குட்டி கொண்டுவராதீர்கள், பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு வீட்டில்கூட வியாதி யாருடைய நாயிலிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. முதல் இரண்டு வீட்டில் நானும் சும்மா நின்றேன். மூன்றாவது வீட்டிலிருந்து நானே சொன்னேன். எங்கள் நாயிலிருந்துதான். எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பெரும்பாலோர் நாயைக் கட்டக் கயிறு தேடிப் போனார்கள். காப்பிக் கடைச் சீனர் அக்கா சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு நான் சொன்னதையும் கேட்டார். உள்ளே போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த எங்கள் காலி போத்தல்களை எடுத்துவந்து, ஒவ்வொன்றாக என் கூடையில் அடுக்கினார்.  அதற்குப் பிறகு அவர் என்னிடம் பால் வாங்கவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அன்று கட்டிப்போட்ட நாய்களில் அநேகம் பிழைத்துக்கொண்டன. முன்பே தொற்றியிருந்த இரண்டு மூன்று செத்துப்போயின. மூன்று வாரம் முன்னால் சொல்லியிருந்தால் அவையும் இருந்திருக்குமா என்று டிரெசரிடம் ஒரு தடவை கேட்டேன். "சில வேளை" என்றார். அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் மனசுக்காகப் பொய் சொல்கிற ஆள் அவர் இல்லை.

பத்து நாள் கழிந்தது. பூத்தேவுக்கு வெறி இல்லை என்பது உறுதியானது. ஆனால் வலிப்பு நிற்கவில்லை. முதலில் நாளைக்கு ஒன்று, பிறகு மூன்று நான்கு. பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. மத்தியான நடை முடிந்ததும் நான் அங்கே போவேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன். அக்கா கதவைத் திறந்துவிடுவார். சாக்கை மாற்றுவேன், கழுவுவேன், வலிப்பு வரும்போது தலை தரையில் மோதாமல் துணியை வைத்துப் பிடித்துக்கொள்வேன். இரண்டு பேரும் ஒரு நாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்போம். அவர் என்னோடு பேசுவதில்லை. தேவையானதைக் கையால் காட்டுவார். வீட்டுக்கு வந்தால் சிங்கம் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வரும். அது தேறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியில் டிரெசர்தான் சொன்னார், இனி இதை வதைக்க வேண்டாம், சம்மதம் என்றால் ஒரு ஊசி போட்டுவிடுகிறேன் என்று. அக்கா இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் மத்தியானம் டிரெசர் வந்தார். அக்கா பூத்தேயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, துடித்துக்கொண்டிருந்த அந்த முன்னங்காலைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்தார். நான் எட்டி நின்றிருந்தேன்.

"நீயும் பிடி" என்றார் என்னைப் பார்க்காமலே.

போய் உட்கார்ந்து பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டேன். அதிக நேரம் ஆகவில்லை. கையில் இருந்த துடிப்பு நின்றதும் அக்கா நிமிர்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டார். இத்தனை நாள் தூங்காத மூச்சு அது. எனக்கும் அழுகையைவிட உடம்பைக் கீழே போட வேண்டும் போலத்தான் இருந்தது.

பின்பக்கம் வாழையடியில் நானே குழி வெட்டினேன். டிரெசர் சொன்னபடி ஆழமாக வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். சாக்கு, தட்டு, துணி எல்லாவற்றையும் எரித்தோம். ஈரத்தில் நெருப்பு பிடிக்கவில்லை. அக்கா தன் தையல் துணி வெட்டுகளைக் கொண்டுவந்து போட்டார். புகை எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. எல்லாம் முடிந்ததும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மலாயில் மன்னிப்புக் கேட்கத் தெரியும். அந்த வார்த்தை எனக்குத் தெரியும்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "போய்க் குளி. மாடு காத்திருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் என்னிடம்தான் பால் வாங்கினார். காலி போத்தலை முந்திய நாளே கேட்டில் வைத்துவிடுவார். நான் நிரப்பியதை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போவேன். சில நாள் ஜன்னலில் தையல் மிஷின் சத்தம் கேட்கும். எதிரே பார்த்தால் "மழை வரும் போல" என்பார். நானும் "ஆமாக்கா" என்பேன். படியில் உட்கார்ந்ததில்லை. வேறு நாய் அவர் வளர்க்கவும் இல்லை. சிங்கம் முன்னங்காலில் ஒரு உதறலோடு பல வருஷம் இருந்தது. அதைக் கயிற்றில் கட்டி வைத்தேன். நடைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டுச் சிங்கப்பூருக்கு மகனிடம் போனார். போகும் முன் கொட்டகைக்கு வந்து, என் வீட்டுக்காரரின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பூத்தேயைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்னை மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது; பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் என்று எத்தனையோ பேர் எதையாவது காட்டி "ஒண்ணுமில்லைதானே?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால், இருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்வதற்குள் இன்றைக்கும் வாய் உலர்ந்துதான் போகிறது.